ஏழு மாநிலத்துக் கணக்கு

ஒரு சனிக்கிழமை, கோயில் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. சிமெண்டுத் தரையில் நின்று நின்று எனக்குக் குதிகால் வலி. யாரிடமும் சொன்னதில்லை. கோயில் ஆபீஸில் வாங்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பல வாரம் கழித்து, எல்லோரும் போன பிறகு பேரின்பநாதன் அண்ணன் அதைச் சுருட்டி வெளியே எடுத்துப் போய்த் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நீங்கள் படுத்திட்டியளெண்டா எங்களுக்குச் சாம்பார் ஆர் வைக்கிறது?" என்றார். அதோடு சரி.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். டெக்சாஸ் இர்விங்கில் மனைவி ராஜராணியோடு இருந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் வேலை. சனிக்கிழமை அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. சில வீடுகளுக்கு மட்டும் போன் பண்ணுவார். ஒரு வீடு குறைந்தால் இன்னொரு வீடு கூடும், சரியாகிவிடும் என்பார். அவர் சொன்ன அளவுக்கு அரிசி போட்டால் மிஞ்சியதும் இல்லை, பற்றாமல் போனதும் இல்லை. முருகன் அவர் நாவில் இருக்கிறான் என்றே நம்பினேன்.

அதிபர் தேர்தல் வந்த வருடம், அதே மாதிரி தேர்தலுக்கும் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"வோட்டே இல்லாத மனுசனுக்கு எலக்சன் விசர்," என்பார் ராஜராணி அக்கா, வெங்காயம் உரித்தபடி. "கிரீன் கார்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள போடப்போறார் போல."

அண்ணனுக்கு அது விளையாட்டில்லை. அவருடைய தம்பி மகன் அனுஷன் எல்லை தாண்டி வந்து, அடைக்கலம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, அவர் வீட்டில்தான் இருந்தான். கோயிலுக்கு வந்தால் அண்டாவெல்லாம் அவன்தான் கழுவுவான். வேட்பாளர்களில் ஒருவர் ஜெயித்தால் இவனைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. டொராண்டோவிலிருந்து அவன் அக்கா நிலக்சி, "இப்பவே இஞ்ச வா, சொந்த அக்கா இருக்கிறபடியா எடுப்பினம்" என்று கூப்பிட்டபடி இருந்தாள். போனால் இங்கே வழக்கு வீணாகிவிடும். போகவா, நிற்கவா? பையன் பெரியப்பாவைத்தான் கேட்டான்.

"நாடு முழுக்க ஆருக்கு ஆதரவு எண்டு கேட்டு என்ன பிரியோசனம்? இஞ்ச மாநிலம் மாநிலமாத்தான் முடிவு," என்றார் அண்ணன். டெக்சாஸ் எந்தப் பக்கம், கலிபோர்னியா எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரியுமாம். ஏழு மாநிலங்கள்தான் இழுபறி. அந்த ஏழிலும் வருகிற கருத்துக்கணிப்புகளைச் சேர்த்து, புதியதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, சராசரி பார்த்தார். பல மாநிலங்களில் அனுஷனுக்கு ஆபத்தில்லாத பக்கம் கொஞ்சம் முன்னால் இருந்தது.

"ஒண்டு ரெண்டு பிழையாப் போகும். எல்லாம் ஒண்டாப் பிழையாகாது. நூற்றுக்கு எண்பது எங்கட பக்கம். நில்லடா."

"மிச்ச இருபதுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அது உங்கட டிப்பார்ட்மென்ட் தங்கச்சி. முருகனிட்டச் சொல்லுங்கோ."

அனுஷனும் சிரித்தான். நின்றுவிட்டான்.

ஏழும் ஒன்றாகவே எதிர்ப்பக்கம் சாய்ந்தன. அந்தச் சனிக்கிழமை அண்ணன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஒரு மாநிலத்தில எந்தச் சனம் கணிப்புக்காரரின்ர போனை எடுக்கேல்லையோ, அதே மாதிரிச் சனம் மற்ற மாநிலத்திலயும் எடுக்கேல்லை. நான் ஏழையும் ஏழு வீடா எண்ணினன். எல்லாம் ஒரே வீடு, தங்கச்சி."

அதற்குப் பிறகாவது கிளம்பலாம் என்றால், விசாரணைத் தேதி நெருங்குகிறது, இப்போது அசையாதே என்றார் வக்கீல். புது ஆட்சி வந்த பிறகு, வழக்கமாகக் கையெழுத்துப் போடும் குடியேற்ற ஆபீஸுக்கு அனுஷன் போனான். அண்ணன் வெளியே காரில், மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பையன் திரும்பி வரவில்லை. எங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே பல நாள் ஆயிற்று. தெற்கே, நெடுந்தூரத்தில். பார்க்கப் போனால் நடுவில் கண்ணாடி. "பெரியப்பா, உங்கட கணக்குப் பிழையில்லை. அந்த இருபதுதான் வந்திட்டுது," என்று அவன் இவரைத் தேற்றினானாம். அதைச் சொல்லும்போதுதான் அண்ணன் அழுதார். நான் என்ன செய்ய? வேல் முன்னால் விளக்கேற்றினேன். மறுவாரமும் ஏற்றினேன்.

அரிசிக் கணக்குச் சொல்வதை அவர் விட்டுவிட்டார். "நீங்களே பாத்துப் போடுங்கோ" என்பார். சில வாரம் மிஞ்சியது, சில வாரம் பற்றவில்லை. விரிப்பை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தார்.

என் மகள் ரோஷினிக்குக் கலிபோர்னியாவில், சான் ரமோனில் வேலை கிடைத்தது. அவளோடு நானும் கிளம்பும் முன், கோயில் பார்க்கிங்கில் விடைபெற்றேன். விரிப்பைச் சுருட்டி எங்கள் கார் டிக்கியில் வைத்தார் அண்ணன். வேண்டாமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறொன்றுதான் வந்தது.

"பையன் வந்துருவானுங்களாண்ணா?"

டிக்கியை மெதுவாக மூடினார்.

"அங்கயும் முருகன் கோயில் இருக்குமெல்லோ, அவன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்யுங்கோ. அவிட்டம். நூற்றுக்கு எத்தினை எண்டு மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ, தங்கச்சி."