தோட்டத்துக்கு வெளிக்கிடுதல்

நான் சும்மா கொடுத்தாலும் என் பயிற்றங்காயை இங்கே ஒருவரும் எடுப்பதில்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய பிறகுதான் அதைக் கவனித்தேன். அயனம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வளவுக்குப் பின்னால் வீட்டுக்காரம்மா கஸ்தூரியக்காவின் காலிமனை இருக்கிறது. நான்கு குடித்தனமும் ஆளுக்கொரு பாத்தி போட்டு, ஒரே கிணற்றில் இறைக்கிறோம். மற்றவர்களின் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் வீடு மாறிப் போய் வருகின்றன. இங்கே காராமணி என்கிறார்களே, நான் மதில்மேல் வைக்கும் அந்தக் காய் மட்டும் மத்தியானத்துக்குள் வாடிக் கயிறாகிவிடுகிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எதையும் தெளிவாக யோசிக்க வராது, உருட்டி உருட்டிப் பயப்படத்தான் வரும். இன்றைக்குக் காயை வேண்டாமென்பவர்கள் நாளைக்குப் பாத்தியை வேண்டாமென்பார்கள், பிறகு வீட்டை. சிலோன்காரர் என்றால் கதவைப் பாதி திறந்து பேசுகிற காலம் இது. என் கணவர் மண்ணூர்பேட்டைப் பட்டறையில் வேலை முடித்து வந்து படுத்தால் எழும்பமாட்டார். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒளித்துத் தண்ணீர் அள்ளுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, தினமும் வாளியைத் தூக்கியதும் "அக்கா, நான் தோட்டத்துக்கு வெளிக்கிடுறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டே போவேன்.

ஊரில் இதற்கெல்லாம் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. அப்பா மிஷின் போட்டு இறைப்பார். நான் செம்மண் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடுவேன். கணுக்கால்வரை குளிரும். இங்கே அரை வாளி கலங்கல் தண்ணீருக்கே தோள் கழன்றுவிடுகிறது. ஊற்றினால் மண் 'சுர்' என்று குடித்துவிட்டுப் பழையபடி வெளுத்துப்போகும்.

போன வாரம் கஸ்தூரியக்கா கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

"இந்தாம்மா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போற?"

தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டுதரம் அக்கா. வெய்யில் கூடினால் மூண்டு."

"மூணா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"எனக்கு ஒண்டுமில்லை. பயிருக்குத்தான் காணாது."

"பயிருக்கா." அவர் இரண்டடி பின்னுக்குப் போனார். "ஊட்டுக்கு ஊடு கக்கூஸ் கட்டி வுட்டுக்கீறேன். நீ இன்னாடான்னா தெனம் கூவிகினு போயி காய் வெக்கற எடத்துல குந்திகினு கீறே. அதுல காச்சத எவ துன்னுவா?"

"நான் எங்கை அக்கா குந்தினனான்?"

"நீதான சொல்ற. வெளிக்கி, வெளிக்கின்னு."

அப்போதுதான் விளங்கியது. "ஐயோ அக்கா, வெளிக்கிடுறது எண்டால் புறப்படுறது."

அவர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப் பாவி, கெளம்பறேன்னு சொல்லித் தொலையக் கூடாதா? பாத்திய புடுங்கிக்கலாம்னு வந்தேன். சரி, நீயே வெச்சுக்க. அந்தக் காராமணிய குடு, பொரியல் பண்ணிப் பாக்கறேன்."

நானும் சிரித்தேன். பாத்தி தப்பியது. ஆனால் அந்தச் சொல் எனக்குள்ளே வேறு இடத்தில் கிடக்கிறது. ஷெல் பக்கத்துக் காணியில் விழுந்த அன்று அப்பா தோட்டத்தில் நின்றபடியே "கெதியா வெளிக்கிடுங்கோ" என்று கத்தினார். மிஷினை யாரும் நிறுத்தவில்லை. வாய்க்காலில் தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களை வெளிக்கிடச் சொன்னவர் வெளிக்கிடவேயில்லை. சிரித்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது?

இப்போது கிணற்றடியில் எல்லாருக்கும் கதை தெரியும். "இன்னா சிலோனு, வெளிக்கா?" என்று கேட்டுக்கொண்டே காயை மடியில் கட்டிப் போகிறார்கள். நானும் "கெளம்பிகினு கீறேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன். நேற்றுக் காலை வாளியோடு படியில் நிற்கிறேன். "வெளிக்கிட்டீரோ?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார். "கெளம்பிட்டியா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்தூரியக்கா. இரண்டுக்கும் ஒரே பதில்தான். எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வதென்று தெரியாமல், வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.