கீழ் வரி அவருடையது

எழுபதுகளின் கடைசியில் முதியோர் கல்வி வகுப்பு எடுப்பதற்காக வில்லியனூரிலிருந்து மேற்கே நாலைந்து மைல் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அது கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள கிராமம். கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் ஓட்டுக் கொட்டகையில், மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வகுப்பு. காலை வேலை முடித்து வந்து, மாட்டைப் பிடித்துக் கட்டப் போவதற்கு முன் கிடைக்கிற இரண்டு மணி நேரம். பதினெட்டுப் பெண்கள். எனக்கு இருபத்துமூன்று வயது. வாய் நீளம், பொறுமை கட்டை.

ஆறு மாதத்தில் பதினைந்து பேர் பஸ்ஸின் முன்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று பேர் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள். அவர்களில் ஒருவர் கரும்பு வெட்டப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. யார் வீட்டுப் பசு எப்போது ஈனும், எந்த வாய்க்காலில் இன்று யாருடைய முறை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். எழுத்து மட்டும் நிற்காது. திங்கட்கிழமை கற்றது செவ்வாய்க்கிழமை புதிதாக இருக்கும். கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், சுழி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

"இன்னா டீச்சரம்மா, நேத்து பாத்த மூஞ்சி இன்னிக்கி வேறயா கீது?" என்பார்.

இப்போது இதற்குப் பெயர் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அப்போது எங்களிடம் இருந்ததெல்லாம் 'மண்டையில் ஏறாது' என்ற ஒரு பேச்சுதான். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, "இந்த மூணு பேர விட்டுடும்மா, மத்தவங்களுக்கு டைம் வேஸ்ட்டு" என்று அவர்கள் காதுபடவே சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் அதிகம். முந்தின வாரம்தான் நானே அதைவிட மோசமாக ஒன்று சொல்லி, அக்காவின் சிலேட்டைப் பிடுங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் மூன்று பேரையும் தனியாக உட்காரவைத்து, பாடப் புத்தகத்தை மூடினேன். "ஏதாவது சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்து, "எருமைக்குக் கால் வலி" என்றார். அதை நோட்டில் பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே அவர் எழுத வேண்டும். மற்ற வரிகள் கண்ணைக் குழப்பாமலிருக்க, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியுமளவு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். தான் சொன்ன வார்த்தை என்பதால், அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "இன்னிக்கி மழை வரல." "பாம்பு வந்துச்சி. நான் அடிக்கல." "எம்பொண்ணு ஊசி போடுவா." மேல் வரி என் கை, கீழ் வரி அவர் கை. ஒரு வரிக்கு அரை மணி ஆகும். எழுத்து கடைசிவரை நேராகவில்லை. ஆனால் எழுதினார். அந்த எழுத்தைப் படிக்க உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஊசி போடும் பெண் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின வருடம் அவளுக்கு அம்மா பேரில் ஒரு கடிதம் போயிருந்தது. 'படுத்த படுக்கையாக இருக்கிறேன், உடனே வா.' எழுதியவன் அக்காவின் கொழுந்தனார் மகன். பெண் அலறியடித்துக்கொண்டு வந்தால், அம்மா கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறார். அழைத்தது அத்தை மகனோடு கல்யாணம் பேச. அவள் முடியாது என்று திரும்பிப் போனாள். அதற்குள் பரீட்சை முடிந்து, ஒரு வருடம் வீணாகிவிட்டது. அதிலிருந்து அம்மா பேரில் எது வந்தாலும் அவள் நம்புவதில்லை.

இந்த வருடம் திருவிழாவுக்கு வரச்சொல்லி அவள் அப்பாவே எழுதியிருந்தார். வந்ததும் அதே அத்தை மகனோடு பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போய், அடுத்த ஞாயிறே ஓலை வாசித்துவிடுவதாகத் திட்டம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்குவது லேசில்லை.

"அவங்கப்பா அவ முன்னாடி நின்னு அழுதா, பொண்ணு மனசு எளகிடும் டீச்சரம்மா. வராதன்னு நான் எழுதணும்" என்றார் அக்கா.

"சொல்லுங்க, இப்பவே எழுதித் தரேன்."

"உங்க எழுத்துல போனா, போன வருஷம் போன கடுதாசி மாதிரிதான் அதுவும். எம்பேர்ல யார் வேணா எழுதலாம்னு ஆயிடுச்சி. எங்கையாலதான் போவணும்."

மூன்று வாரம் ஆனது. ஓர் இன்லண்ட் லெட்டரில் ஐந்து வரி. நான் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கையை வைத்துக் கடிதத்தை மூடிக்கொண்டு, "தொடாதீங்க" என்றார். விலாசம் மட்டும் நான் எழுதினேன், அனுப்புநர் இடத்தில் என் வீட்டு விலாசத்தைப் போட்டேன்.

பத்தாம் நாள் அந்தக் கடிதம் ஒரு கவருக்குள் எனக்கே திரும்பி வந்தது. கூடவே பெண்ணின் சீட்டு. 'ஒரு வரியும் படிக்க முடியவில்லை. எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இது யார் வேலை? அப்பா கூப்பிட்டிருக்கிறார், திருவிழாவுக்குக் கிளம்பப்போகிறேன்.' அம்மா வகுப்புக்கு வருவதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொல்வதற்கும் இன்னொருவர்தானே எழுத வேண்டும்!

எனக்கு அழுகை வந்தது. மூன்று வார உழைப்பை அவர் மகளாலேயே படிக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கே, 'உன் அம்மா உன்னை வரவேண்டாம் என்கிறார்' என்று அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அக்காவின் பேரில் பேசுகிற இன்னொரு ஆளாகத்தான் நானும் இருந்தேன்.

மறுநாள் அக்காவிடம், "அதிகாரி உங்க நோட்டக் கேக்கறாரு" என்று பொய் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். ஜன்னல் அட்டையும் அதற்குள்ளேயே இருந்தது. கடிதத்தை நோட்டுக்குள் வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். 'மேல் வரி என்னுடையது. கீழ் வரி உன் அம்மாவுடையது. இதை வைத்துக்கொண்டு கடிதத்தைப் படி.' நான் எழுதியது அவ்வளவுதான்.

பதில் வரவில்லை. கோயிலில் கொடியேறியது. மெட்ராஸ் பக்கமிருந்து ஆட்கள் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அக்கா வாசலைப் பார்ப்பார், நானும் பார்ப்பேன், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

கொடியேறிய நாலாம் நாள் என் விலாசத்துக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே மடித்த காகிதம், மேலே பெரிய எழுத்தில் 'அம்மா'. பிரிக்காமல் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் சுவரோரம் உட்கார்ந்து, அட்டை இல்லாததால் சிலேட்டை வைத்துக் கீழ் வரிகளை மறைத்துக்கொண்டார். நான் கரும்பலகைப் பக்கம் போனேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேனோ, யாருக்கு என்ன புரிந்ததோ.

நாலு மணிக்கு எல்லோரும் எழுந்தபோது அக்கா வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக, விரல் வைத்து.

"எருமைக்குக் கால் வலியா? நான் வரல. நான் ஊசி போடுவேன். நான் வரல."

"அய்யோ பாவம், திருவிழாவுக்குக்கூட வரலியா பொண்ணு?" என்று பக்கத்திலிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். எல்லாம் நோட்டில் இருந்த வார்த்தைகள்.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அக்கா என் அருகில் வந்தார்.

"நோட்டு அதிகாரிகிட்ட இல்லதான டீச்சரம்மா?"

நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும், அவளே வெச்சிக்கட்டும். எனக்கு வேற நோட்டு போடுங்க."