இடுப்பளவுத் தண்ணீர்

போன வியாழக்கிழமை ஒரு பொய் சொன்னேன். வாயால் இல்லை... தலையை ஆட்டி.

என் தம்பி மகள் அஞ்சலைக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து மூளைவாதம். கை கால் விறைத்துக்கொள்ளும்; கால் இரண்டும் கத்திரி போலப் பின்னிக்கொள்ளும். தாய் இல்லை. தம்பி படகில் போனால் திரும்ப நாலு நாள் ஆகும். திருவேட்டக்குடி வீட்டில் அவளும் நானும்தான். தெருவில் எல்லோரும் நல்லவர்கள். வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாரம் ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு காரைக்காலுக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர். அதில் பிள்ளைகளை மிதக்கவிட்டுப் பயிற்சி. இதுவரை பயிற்சி தரும் டீச்சர்தான் இறங்குவார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"நான் கை வச்சா இறுகிடுறாம்மா. வீட்டு ஆளு இறங்கிப் பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா தண்ணிப் பயிற்சிய நிறுத்திட வேண்டியதுதான்." பிறகு சிரித்துக்கொண்டே, "கடக்கரக்காரங்க... ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

'வேண்டாம்' என்று அப்போது ஆட்டியதுதான் அந்தத் தலை.

உண்மை என்ன தெரியுமா? கடல் சத்தத்தில் பிறந்து, இந்த அறுபத்தெட்டு வயது வரை முழங்காலுக்கு மேல் கடலில் நனையாதவள் நான். குளத்தில்கூடப் படியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வேன். எங்களில் கடல் ஆண்களுக்கு. பெண்களுக்கு மணலும் மீன்கூடையும். வெளியார் இதைக் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை — கௌரவம்!

இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் தரை நழுவிப் போவது போல இருந்தது. ஒரு கை அஞ்சலையின் கழுத்தடியில், ஒரு கை முதுகடியில்.

"லேசாப் புடிங்கம்மா... லேசா."

எங்கே லேசாக? நான் பிடித்த பிடியில் அவள் கால் பின்னிக்கொண்டது. டீச்சர் முகம் வாடிவிட்டது.

அஞ்சலை என்னையே பார்த்தாள். அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"அத்தே... ஒனக்கு... பயமா?"

"போடி. எனக்கா?"

"கை... நடுங்குது."

இனி என்ன மறைக்க? "ஆமாண்டி, பயந்தான். எனக்கு நீச்சல் தெரியாது."

"அய்யய்யோ, மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா!" என்று டீச்சர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை சிரித்தாள் பாருங்கள்... தொட்டி முழுக்கக் கேட்டது. "கடக்கரக்காரி... கடக்கரக்காரி..." என்று கேலி வேறு.

சொன்ன பிறகுதான் என் விரல் தளர்ந்தது. என் விரல் தளர, அவள் கால் மெல்லப் பிரிந்தது. பதினொன்று எண்ணும் வரை மிதந்தாள் — அடியில் என் உள்ளங்கை பட்டும் படாமலும்.

"அடுத்த வாரமும் நீங்களே இறங்குங்கம்மா" என்றார் டீச்சர்.

பஸ்ஸில் வரும்போது கால் மறுபடி பின்னிக்கொண்டது. அதனால் என்ன? பிரியும் என்று தெரிந்துவிட்டதே.

வீட்டுக்காரர் போன பிறகு நான் யாரிடமும் பயம் என்று சொன்னதில்லை. தைரியசாலி என்று ஊரில் எனக்குப் பெயர். ஒன்று கவனித்திருக்கிறீர்களா? தைரியசாலி வீட்டுக்கு யாரும் துணைக்கு வந்து உட்காருவதில்லை. அவளுக்கு எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள்.

பயமா என்று கேட்க ஓர் ஆள் போதும். மெதுவாகக் கேட்டாலும் பரவாயில்லை.