குண்டுகள் இருக்கட்டும் என்று நான் பேசியது

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, ஐஃபல் மலைப்பக்கத்துச் சிறிய ஊரொன்றில், அமெரிக்காவின் அணுகுண்டுகள் ஜெர்மன் மண்ணில் இருக்கத்தான் வேண்டும் என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். இப்போது டோர்ட்மண்டில் இருக்கிறேன். தொலைக்காட்சியில் அதே விவாதம் மறுபடி நடக்கிறது. நான் அன்று சொன்னதையே பெரிய பெரிய அரசியல்வாதிகள் சொல்கிறார்கள், என்னைவிடச் சற்று மோசமாக.

எங்கள் ஊரிலிருந்து ஜெர்மன் விமானப்படைத் தளத்துக்குப் பேருந்தில் பத்து நிமிடம். அங்கே அணுகுண்டுகள் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைகள் எழுதும். கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து தளத்து வாசலில் பதாகைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அரசாங்கம் மட்டும் இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.

என் அப்பாவும் அரசாங்கத்தின் கட்சிதான். தளத்தின் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. உருளைக்கிழங்கு உரிப்பதும் அண்டா கழுவுவதும்தான் என்றாலும், சேரும்போது ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வைத்திருந்தார்.

"அங்கை குண்டு இருக்கோ, அப்பா?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சால் சொல்லுவீங்களோ?"

"தெரிஞ்சாலும் தெரியாது. நீ சாப்பிடு."

அந்த வருடம் குண்டுகளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. எங்கள் சமூகவியல் ஆசிரியை அதையே வகுப்பில் விவாதமாக வைத்தார். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார். 'இருக்கவேண்டும்' என்ற சீட்டு எனக்கு வந்தது. 'போகவேண்டும்' என்பது என் பக்கத்து மேசைத் தோழிக்கு. அவளுடைய அப்பா அதே தளத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் இராணுவ வீரர். சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று இருவரும் கேட்டோம். ஆசிரியை மறுத்துவிட்டார். நம்பாத ஒன்றுக்காக வாதாடிப் பார்த்தால்தான் தான் நம்புவது எது என்று தெரியுமாம். எனக்கு அப்போது நம்பிக்கை என்று எதுவும் இருக்கவில்லை. வெல்லவேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது.

நூலகத்தில் இரண்டு பின்னேரங்கள் இருந்து குறிப்பெடுத்தேன். குண்டு இருக்கும் இடத்தை எதிரி தொடப் பயப்படுவான், கூட்டணி என்றால் சுமையையும் பங்குபோட வேண்டும், நாம் வேண்டாம் என்றால் அவை இன்னும் கிழக்கே, எதிரியின் எல்லைப்பக்கம் போகும், இப்படி. ஆனால் தோழி என்னைவிட நன்றாகப் பேசினாள். போர் வந்தால் எதிரி முதலில் குறிவைப்பது எங்கள் ஊரைத்தான் என்றாள். பறப்பது நம் விமானம், விழுவது அமெரிக்காவின் குண்டு, போடச் சொல்வது அந்த நாட்டுத் தலைவர்; இதில் நாம் யார் என்று கேட்டாள். வகுப்பு அவள் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. என் குறிப்புத் தாள் முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

அம்மா யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குள் வளர்ந்தவர். இங்கே போர் விமானங்கள் தாழப் பறந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, "வெங்காயம் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி வீட்டின் நிலவறைக்கு இறங்கிவிடுவார். சத்தம் அடங்கிய பிறகு இரண்டு வெங்காயத்தோடு மேலே வருவார். எதற்காகப் போகிறார் என்பது அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் ஒருநாளும் குறைந்ததில்லை.

நான் எழுந்து சொன்னேன்: "என் அம்மா போரிலிருந்து வந்தவர். அங்கே விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவார். இங்கே அதே சத்தம் கேட்கும்போது யன்னலோரம் இருந்து நிம்மதியாகத் தேநீர் குடிக்கிறார். இந்த விமானங்கள் தன்னைக் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியும்."

முதல் இரண்டு வசனங்களும் உண்மை. மற்றவை வாயில் தாமாக வந்தன.

தோழி பதில் சொல்ல எழுந்தாள். அவள் எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்தவள். ஒருமுறை அம்மா பாதி சுட்ட தோசையை விட்டுவிட்டுக் கீழே ஓடியபோது, அடுப்பை நிறுத்தியவள் அவள்தான். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு தன் தாளைப் பார்த்துவிட்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். வாக்கெடுப்பில் நான் வென்றேன். நான் கெட்டிக்காரி என்பதால் வென்றதாகத்தான் நினைத்தேன்.

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் இருவரும் அதை அப்படியே மறுபடி பேசவேண்டும் என்றார்.

கூட்டத்தில் பள்ளிச் சுற்றுலா பற்றித்தான் கதைப்பார்கள், வரத் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அப்பாவுக்கு வேலை. அம்மா தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தார். என் முறை வந்தபோது அந்த இடத்தை விட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் ஆசிரியை அதற்காகவே காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. பேசினேன். "என் அம்மா" என்று நான் சொன்னதும் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அம்மா சிரித்தார்.

பேசி முடித்ததும் தோழியின் அப்பா எழுந்தார். பெரிய உருவம், மெதுவான குரல். விமானச் சத்தத்துக்காக ஊரில் பலர் எங்களைத் திட்டுகிறார்கள், முதல்முறையாக ஒருவர் இப்படிச் சொல்லிக் கேட்கிறேன் என்றார். அம்மாவைப் பார்த்து, உண்மையாகவே உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டார். மொழிபெயர்க்கும்படி எனக்குக் கைகாட்டினார். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பேன். எனக்கு அது பழகிய வேலை.

"அம்மா, விமானச் சத்தம் உங்களுக்குப் பயமோ எண்டு கேக்கிறார்."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"பயம்தான் எண்டு சொல்லு. ஆனா அவரிலை எனக்குக் கோவம் இல்லை எண்டும் சொல்லு. அவரும் வேலைக்குத்தானே போறார்."

நான் திரும்பி நின்று ஜெர்மனில் சொன்னேன்: "இல்லை, என் அம்மாவுக்குப் பயமே இல்லை. உங்களுக்கு நன்றி சொல்கிறார்."

எல்லோரும் கைதட்டினார்கள். தோழி மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வரிசைகளைத் தாண்டி வந்து அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அம்மா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் தானே ஜெர்மனில் "டாங்கெ", நன்றி, என்றார். அவ்வளவுதான். என் மரியாதை போகவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பேக்கரியைத் தாண்டும்போது அம்மா, "நல்லாக் கதைச்சாய், பிள்ளை" என்றார். எனக்குச் சந்தோஷம். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"இஞ்சை வந்த புதுசிலை என்னை அகதி விசாரணைக்குக் கூப்பிட்டவை. மேசைக்கு அங்காலை ஒரு ஐயா இருந்தவர். ஊருக்குத் திரும்பிப் போகப் பயமோ, ஆருக்குப் பயம், எதுக்குப் பயம் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். தமிழிலை சொல்லித் தர ஒரு அண்ணை பக்கத்திலை இருந்தவர்தான். ஆனா கொஞ்ச நேரத்திலை பயம் எண்ட அந்தச் சொல் எனக்கே பிடிபட்டிட்டுது. அங்கிஸ்து. நான் ஜெர்மனிலை முதல் படிச்ச சொல் அதுதான்."

அதை ஏன் அன்றைக்கு, அந்தத் தெருவில் வைத்து எனக்குச் சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. தான் மொழி படித்த பழைய கதையைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அங்கிஸ்து இல்லை, அம்மா" என்றேன். "ஆங்ஸ்ட். கடைசியிலை 'உ' வராது."

அம்மா என் கையைப் பிடித்தபடி, நான் சொன்னதுபோலவே இரண்டு தரம் சரியாகச் சொல்லிப் பார்த்தார்.