தக்காளி வயலில் மாமா காத்த மடை

எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தக்காளிதான். ஆனாலும் ரசத்துக்கு என் மனைவி கடையில் வாங்கிய தகர டப்பாவைத்தான் திறக்கிறாள். வயலில் இருப்பது முழுக்க ஆலைக்குப் போகிற ரகம். அங்கே சூடான ஆவி பட்டுத் தோல் கழன்று, தக்காளிச் சாற்றிலேயே மூழ்கி டப்பாவுக்குள் அடைபட்டு வெந்து வரும். பாபநாசத்திலிருந்து இத்தாலிக்கு மகளைப் பார்க்க வந்த என் மாமனார், டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தக்காளிக்கும் யாரும்மா தோலுரிச்சா?" என்றார். மெஷின் என்றதும் அவருக்கு ரசமே இறங்கவில்லை.

அந்தப் பண்ணையில் நான் தண்ணீர் பாய்ச்சுகிறவன். காவிரிக்கரை ஆள் என்று சொல்லித்தான் வேலை வாங்கினேன். கொடுமை என்னவென்றால், அறுவடை நெருங்கும்போது தண்ணீரை நிறுத்துவதுதான் இங்கே பெரிய வேலை. செடியைக் காயவிட்டால்தான் பழம் ஒன்றுபோலப் பழுத்துச் சாறு கெட்டிப்படும். ஈரம் ஏறினால் பழம் வெடிக்கும். ஆலைக்காரன் லாரியைத் திருப்பி அனுப்புவான், முதலாளி பிராங்கோ என்னைத் திருப்பி அனுப்புவார்.

இதெல்லாம் மாமா காதில் ஏறுமா? கழக ஆட்சி வந்து சட்டம் போட்டும் பண்ணையார்கள் மசியாத காலத்தில், குத்தகை நிலத்தைவிட்டு இவரை விரட்ட மடையை அடைத்தார்களாம். இவர் அதை வெட்டிவிட்டு, செங்கொடியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ்தான் தூக்கி எழுப்பியது. நான் பெண் பார்க்கப் போனபோது காப்பிக்கு முன்னால் கிடைத்தது இந்தக் கதைதான்.

அன்று காலை நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் மாமாவைக் காணவில்லை. வயலுக்கு ஓடினேன். வால்வைத் திறந்துவிட்டு, அதைக் கட்டிப்பிடித்தபடி சம்மணம் போட்டிருந்தார்.

"மாமா, எழுந்திருங்க! என் வேலை போயிடும்!"

"செடி சாவுது மாப்ள. யாரு அடைச்சது, அந்தப் பண்ணையாரா?"

"நான்தான் அடைச்சேன்."

இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று பார்த்தார்.

"அறுப்புக்கு முன்னாடி நம்மூர்லயும் தண்ணிய வடிப்போமே மாமா?"

"அது வடிக்கிறது. இது கொலை."

அதற்குள் பிராங்கோ டிராக்டரிலிருந்து குதித்து, இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். மாமாவும் விடாமல் ஆட்டினார்.

"என்ன சொல்றான் மாப்ள?"

"உங்களை நலம் விசாரிக்கிறார்."

பிராங்கோவிடம், உங்கள் வயல் அழகாக இருக்கிறதாம் என்றேன். இருவருமே என்னை நம்பவில்லை.

கத்தி ஓய்ந்த பிராங்கோ, வாடிய செடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, சட்டையில் துடைத்து, "பொமொடோரோ" என்று மாமாவிடம் நீட்டினார். தக்காளியைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாமா கடித்தார். மெதுவாக மென்றார். அடுத்ததைத் தானே பறித்துக்கொண்டார்.

"காயப்போட்டா இப்படியா இனிக்கும்?"

எழுந்து, வால்வைத் தன் கையாலேயே மூடினார். "தொறந்துதான் மாப்ள பழக்கம்," என்றார்.

நனைந்தது இரண்டு வரிசைதான். அதை ஆலைக்கு அனுப்பாமல் பிராங்கோ எங்களிடமே விட்டுவிட்டார். வேலை தப்பியது. வாரம் முழுக்கத் தொக்கு. பிராங்கோ வீட்டுக்கும் ஒரு பாட்டில் போனது. மறுநாள் அவர் கையை ஆட்டவில்லை, காரம் தாங்காமல் வாயைத்தான் ஊதிக்கொண்டிருந்தார்.

இப்போது ஊரிலிருந்து மாமா போன் பண்ணினால் முதலில் கேட்பது, "அங்க தண்ணிய மூடிட்டீங்களா மாப்ள?" நான் கேட்பது, "ஆத்துல தண்ணி விட்டாச்சா மாமா?" இங்கே மூடினால்தான் எனக்குச் சோறு. அங்கே திறக்காவிட்டால் அந்தச் சோறு இறங்குவதில்லை.