கருப்பண்ணனுக்கு நின்றுபோன நீர்

சுதந்திரம் வந்த மறு வருஷம், அரும்பாவூருக்கு மேற்கே மலையடிவாரத்துக் கொல்லையில் வரகுத்தாள் அள்ளிக்கொண்டிருந்த கருப்பண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. விஷக்கடி வைத்தியம் பார்க்கும் பெரியவர் பச்சிலை அரைத்துப் புகட்டினார். ஈறெல்லாம் ரத்தம் கசிய, நினைவில்லாமல் கிடந்தவன் இரண்டு நாள் கழித்துக் கண் திறந்து கஞ்சி கேட்டான். பிழைத்துக்கொண்டான் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அவனுடைய அக்கா இருசம்மாள், செட்டிகுளத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

பெண்டாட்டி கலியம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கடிபட்ட அன்று கருப்பட்டித் தண்ணி நிறத்தில் துளி நீர் போனவன், அதற்கப்புறம் நீர் கழிக்க வேலிப்பக்கமே போகவில்லை. நாத்தனாரிடம் சொன்னாள். வெக்கை கண்ட உடம்பு, குளிர்ச்சியாகக் கொடுத்தால் தன்னால் இறங்கும் என்றாள் அவள். நீர்மோரும் இளநீரும் நெருஞ்சிக் கஷாயமும் கொடுத்தார்கள். எல்லாம் உள்ளே போனது. ஒன்றும் வெளியே வரவில்லை.

முகம் ஊதி, கண் இடுங்கிப்போயிற்று. காலை விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. ஒருநாள் காலை அவன் வாயருகே குனிந்தவளுக்கு, மாட்டுக்கொட்டகை வடிகாலின் நாற்றம் அடித்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி கட்டச் சொல்லிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஆட்டுக்குள்ள குண்டிக்காய் பாத்திருப்பியேம்மா, அது மனுசனுக்கும் ரெண்டு இருக்கு. ரத்தத்துல சேர்ற கழிவை அதுதான் வடிகட்டி மூத்திரமா வெளியே அனுப்புது. பாம்பு விஷம் ரெண்டையும் அடிச்சுப் போட்டுருச்சு. கழிவெல்லாம் இப்ப ரத்தத்துலயே நிக்குது."

"மருந்து இல்லீங்களா?"

"அதுவா திறந்தா உண்டு. அதுவரைக்கும் தண்ணி குடுக்காத. போக வழியில்லாத தண்ணி நெஞ்சுல ஏறி மூச்சை அடைச்சுரும்."

காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர். அவ்வளவுதான்.

மாசி வெயில் ஆரம்பித்திருந்தது. கருப்பண்ணனின் நாக்கு வறண்டு மரப்பட்டை மாதிரி ஆயிற்று. "ஏ புள்ள, ஒரே ஒரு மொடக்கு. உன் காலைப் புடிக்கிறேன்" என்று கெஞ்சினான். அவள் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தால் துணியைக் கவ்வி உறிஞ்சினான். இருசம்மாள் ஒரு செம்பு இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கலியம்மாள் அதை வாங்கி வாசலில் கொட்டினாள்.

"எந்தம்பியைத் தாகத்துல சாகடிக்கப் பாக்குறியா?" என்றாள் நாத்தனார். டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால், இந்தக் கேள்விக்குத் தன் ஆயுசுக்கும் பதில் இருக்காது என்று கலியம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

விக்கல் ஓயவில்லை. பிறகு கெஞ்சுவதையும் நிறுத்திவிட்டு, இல்லாத மாடுகளை அதட்டிக்கொண்டு கிடந்தான். காலையில் வரும் டாக்டர் அவன் கட்டிலருகே நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஊரில் பங்காளிகள் பாடை கட்டப் பச்சை மூங்கிலுக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான்.

ஒரு விடியலில் கட்டில் விரிப்பு நனைந்திருந்தது. டம்ளர் கவிழ்ந்துவிட்டதோ என்று பதறித் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள். அதே கையோடு டாக்டரைத் தேடி ஓடினாள்.

அன்றிலிருந்து சட்டி சட்டியாகப் போயிற்று. இனிமேல் கேட்கிறபோதெல்லாம் தண்ணி கொடு என்றார் டாக்டர். வீக்கம் வடிந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தான் கருப்பண்ணன். அடுத்த வரகு விதைப்புக்கு ஏர் பிடித்தான்.

பாம்பு கடித்தது, மாட்டை அதட்டியது எதுவும் அவனுக்கு நினைவில்லை. தாகம் மட்டும் மறக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், தண்ணி கேட்டும் இவள் தரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மொண்டு கொடுக்கும் செம்பைத் தொடாமல், தானே எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்தான். கலியம்மாள் ஒருநாளும் விளக்கம் சொல்லவில்லை. விடியற்காலையில் அவன் வேலிப்பக்கம் ஒதுங்கும்போது, சத்தம் கேட்கிறவரைக்கும் சாணிக்கூடையைக் கையில் பிடித்தபடி மூச்சடக்கி நிற்பாள். அப்புறம்தான் வாசல் தெளிக்கப் போவாள்.