பத்மினிக்குப் போட்ட நாலு கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனில் சித்தப்பா மகளின் கல்யாண வரவேற்பு. அம்மா வந்திருந்தாள், தங்கச்சி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், சந்தாபுராவிலிருந்து பெரியம்மா வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நான் இருந்தேன். அப்பா வரவில்லை. பெண்ணுக்குச் சொந்தப் பெரியப்பா அவர். "உங்கப்பா எங்கடா?" என்று கேட்ட அத்தனை பேரிடமும் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மண்டபத்துக்கு எதிர்ச் சந்தில்தான் மணி அண்ணனின் மெக்கானிக் ஷெட் இருந்தது. அந்தப் பக்கம் அப்பா இப்போது வருவதில்லை.

மேடை வளைவுக்கு அன்று காலைதான் பெயின்ட் அடித்திருப்பார்கள் போல, ஒரே தின்னர் வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு நாக்கில் இஞ்சி டீ ருசித்தது. ஷெட்டில் இதே வாடையில் டயர் மேல் உட்கார்ந்து அவ்வளவு டீ குடித்திருக்கிறேன்.

எங்கள் வண்டி பத்மினி, அந்தக் காலத்துக் கார். பாலாடை நிறம். காக்ஸ் டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அப்பா பத்தொன்பது வருஷம் அதை ஓட்டினார். அந்த அம்மா வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகும்போது வண்டியை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். சும்மா வாங்கினால் நாளைக்கு யாராவது ஒரு பேச்சுப் பேசுவார்கள் என்று அப்பா கடைசி ஆறு மாதச் சம்பளத்தை வாங்கவில்லை. ஈஜிபுராவில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு. வாசலை அடைத்துக்கொண்டு கார். "முருகேசா, நீ பேசாம கார்லயே குடித்தனம் பண்ணு, வீட்ட வேற ஆளுக்கு உட்டுடறேன்," என்பார் வீட்டுக்காரர். அப்பா பாதி அதைத்தான் செய்தார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அதே சீட்தான், ஆனால் பின்னாலிருந்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஆர்.சி. புத்தகம் என் பேரில் இருந்தது. "பேப்பர்ல படிச்சவன் பேரு இருக்கட்டும்," என்றார்.

இந்தப் படிப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் அப்பா கோலார் சுரங்கத்தில் வேலை செய்தவர். எந்தத் தாளிலோ கட்டைவிரலை வைத்துவிட்டு, வரவேண்டிய பணம் வராமலே செத்துப்போனார். அதிலிருந்து எங்கள் வீட்டில் படித்துக் காட்டாத தாளில் யாரும் மை வைப்பதில்லை. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் ஐந்தாம் வகுப்பிலேயே அந்த உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. கரண்ட் பில், ரேஷன் கார்டு, பல்பொடி டப்பா எல்லாம் நான்தான் படிப்பேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்பார்.

மணி அண்ணன் முதல் தடவை கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

"எந்த ஊருப்பா நீ?"

"கே.ஜி.எஃப். சார்."

"எந்த லைனு?"

லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களின் தகர வீட்டு வரிசை. அவர் சொன்னது அப்பா பிறந்த லைனுக்கு அடுத்த லைன். அன்றைக்கே அப்பா அவருக்கு மாமா ஆகிவிட்டார். வண்டியில் மாற்றிய பழைய சாமான்களை மணி அண்ணன் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுப்பார்: "பாத்துக்கோ மாமா, மாத்துனனா இல்லியான்னு." அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்தார். எங்கள் சித்தப்பா ஒரு நாள்தான் வந்தார், அதுவும் வெறுங்கையோடு.

பழைய வண்டிக்கு எஃப்.சி., அதாவது ஓடத் தகுதிச் சான்று, புதுப்பிக்க வேண்டும் என்று ஷெட்டில் விட்டிருந்தோம். ஒரு ஞாயிறு மத்தியானம் மணி அண்ணன் தாள்களோடு வந்தார். அம்மா அவரையும் உட்கார வைத்து மட்டன் பரிமாறினாள்.

"ஆபீஸ்ல நாலு எடத்துல ஓனரு சைனு கேக்கறான் மாமா."

அப்பா எலும்பைத் தட்டு ஓரமாக வைத்தார். "படிடா."

கஞ்சி சுமந்து வந்த மனுஷன் கொடுத்த தாளை அவர் முகத்துக்கு நேராக வரிவரியாகப் படிப்பதா? எனக்குக் கூச்சமாகிவிட்டது. "மணி அண்ணா முன்னாடி இன்னாப்பா இதெல்லாம்."

"படிக்கட்டும் மாமா," என்றார் அவர். "இங்கிலீஷு காதுல உழுந்தாத்தான் எனக்கும் சோறு எறங்கும்."

எல்லோரும் சிரித்தோம். நான் பேனாவை எடுத்தேன். கல்லூரி நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் பழகிய கையெழுத்து, வால் நீண்டது. நாலு முறை போட்டேன். தாளின் தலையில் உரிமை மாற்றம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது கண்ணில் படவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், பட்டது. எஃப்.சி.க்கு அப்படியும் ஒரு தாள் கேட்பார்கள் போல என்று நினைத்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம். எம்.காம். அல்லவா?

ஒரு மாதம் "இஞ்சினப் பிரிச்சிருக்கேன் மாமா" என்றே போனது. அப்புறம் ஒரு நாள் அப்பா தனியாகப் போனார். வண்டி இல்லை. மணி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "இன்னா மாமா, தெரியாத மாதிரி கேக்கற? அது வித்துப் போச்சே. உன் பையன்தான் சைன் போட்டுக் குடுத்துட்டு துட்டு வாங்கினு போனான்."

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"எவ்ளோடா குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கலப்பா. நான் விக்கவே இல்ல."

"சரி."

அவ்வளவுதான். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. செருப்பாலடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் அந்தத் தாள்களின் நகலை எடுத்துப் போட்டார்கள். "சைன் உன்துதானே?" ஆமாம் சார். "எவ்ளோ படிச்சிருக்கே?" எம்.காம். சார். கேட்டவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

மணி அண்ணன் பயந்து ஓடவில்லை, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. மேலும் ஆறு மாதம் அதே ஷெட்டில் இருந்தார். என்னைப் பார்த்தால், "டீ குடிக்கிறியா தம்பி?" என்பார். வண்டியை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் ஒருவர் வாங்கியதாக அவரே ஒரு நாள் சொன்னார், நல்ல சேதி சொல்வதுபோல. இப்போது ஷெட்டும் இல்லை, அவரும் இல்லை. அந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள். எங்கள் வாசலில் வேறு ஆட்களின் ஸ்கூட்டர் இரண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் அதற்குத் தனி வாடகை வாங்குகிறார்.

வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது டிவி மேல் அப்பாவின் கண் ஆஸ்பத்திரித் தாள்கள் இருந்தன. எடுத்துப் பிரித்தேன்.

"வெச்சிடு அத," என்றார். "படிச்சாச்சு."

யார் படித்தது என்று அம்மாதான் பிறகு சமையலறையில் வைத்துச் சொன்னாள். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். வண்டி போனதிலிருந்து, நாலு வருஷமாக, எல்லாத் தாளும் அங்கேதான் போகிறதாம். தாளுக்கு இருபது ரூபாய். அப்பா ஒவ்வொன்றையும் ரெண்டு தரம் படிக்கச் சொல்கிறாராம். அதனால் நாற்பது.